ஆளில்லாத் தீவு என்று எழுதப்பட்ட ஊர்



அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கை என்று பேச்செடுத்தால் எங்கள் வீடுகளில் கதை உடனே ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போய்விடும். குண்டு விழுந்த நகரங்களின் பெயர்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் குண்டுகளைச் சுமந்த விமானங்கள் எங்கிருந்து எழும்பின, அந்த ஓடுபாதை போடப்பட்ட காணி யாருடையது, அங்கே முன்னர் குடியிருந்த சனங்களுக்கு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்பது குறைவு.

தூரத்து நாடு ஒன்றின் மீது படை நடத்துவதற்கு முதலில் ஒரு தளம் வேண்டும். தளத்துக்குக் காணி வேண்டும். காணியில் அநேகமாக யாரோ குடியிருப்பார்கள். இந்த மாதக் கட்டுரை அப்படியான ஒரு காணியைப் பற்றியது. இந்து சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் டியாகோ கார்சியா என்ற தீவுதான் அது. எங்கள் மக்களில் சிலரும் அண்மைக் காலத்தில் அந்தத் தீவில் மூன்று வருடங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே இது எங்களுக்குத் தூரத்துக் கதையும் அல்ல.

தீவும் அதன் மக்களும்

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே கடல்வழியாகச் சுமார் 1,800 கிலோமீற்றர் போனால் சாகோஸ் என்ற தீவுக்கூட்டம் வரும். சிறிதும் பெரிதுமாக ஏறக்குறைய 60 தீவுகள். அவற்றுள் பெரியது டியாகோ கார்சியா. பெரியது என்றாலும் அதன் தரைப்பரப்பு 27 சதுரக் கிலோமீற்றர் அளவுதான். நடுவில் ஆழமான கடல்நீரேரி, அதைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஒடுங்கிய நிலம். வானத்திலிருந்து பார்த்தால் மனிதனின் பாதச் சுவடு போல இருக்கும். அமெரிக்கப் படையினர் அதற்குச் 'சுதந்திரத்தின் பாதச்சுவடு' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் இங்கே தென்னந்தோட்டங்களை அமைத்தார்கள். மொசாம்பிக், மடகஸ்கார் பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களே அந்தத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். 1814இல் தீவுகள் பிரித்தானியாவின் கைக்கு வந்தன. 1830களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் எல்லோரும் கலந்து, கிரியோல் மொழி பேசும் தனியான ஒரு சமூகமாக ஆனார்கள். தேங்காய் உரித்துக் கொப்பறா காயவைப்பது, மீன் பிடிப்பது, வீட்டைச் சுற்றித் தோட்டம் வைப்பது, கோழி, பன்றி, நாய் வளர்ப்பது என்று வாழ்க்கை போனது. தேவாலயமும் சுடலையும் இருந்தன. ஐந்து தலைமுறைகளின் எலும்புகள் அந்த மண்ணில் கிடந்தன. வெளியேற்றம் தொடங்கிய காலத்தில் அங்கே 1,500 முதல் 2,000 வரையிலான மக்கள் இருந்தார்கள்.

வொஷிங்டனில் போடப்பட்ட கணக்கு

1950களின் பிற்பகுதியில் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற்றுக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கடற்படைக்கு அதனால் ஒரு கவலை பிடித்தது. புதிதாகச் சுதந்திரம் பெறும் நாடு நாளைக்கு எழும்பி, உன் தளத்தை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னால் என்ன செய்வது? கடற்படைத் திட்டப் பிரிவில் இருந்த ஸ்ரூவர்ட் பார்பர் என்ற அதிகாரி இதற்கு ஒரு யோசனை சொன்னார். பெரிய தரைகளிலிருந்து விலகிய, சனத்தொகை குறைந்த சிறு தீவுகளை, அவை இன்னும் காலனிகளாக இருக்கும்போதே கைப்பற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்த யோசனை. அவர்களின் பட்டியலில் டியாகோ கார்சியா முன்னுக்கு வந்தது. பாரசீக வளைகுடா, கிழக்கு ஆபிரிக்கா, தெற்காசியா ஆகிய மூன்று பக்கமும் பார்த்த இடம் அது.

தீவு அமெரிக்காவுக்குச் சொந்தமில்லை. அது பிரித்தானியாவின் மொரீசியஸ் காலனியின் ஒரு பகுதி. ஆகவே எழுத்து வேலை இலண்டனில் நடந்தது. 1965 செப்டெம்பரில் மொரீசியஸ் தலைவர் சீவூசாகூர் ராம்கூலம், பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் வில்சனைச் சந்தித்தார். சந்திப்புக்கு முன்னர் வில்சனுக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. வந்தவரை நம்பிக்கையைக் காட்டியே பயமுறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இணங்கினால் சுதந்திரம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. இணங்காவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்பது பயம். மொரீசியஸ் இணங்கியது. 30 இலட்சம் பவுண் இழப்பீடாகக் கொடுக்கப்பட்டது.

1965 நவம்பர் 8இல் சாகோஸ் மொரீசியஸிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, 'பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம்' என்ற பெயரில் புதிய காலனி ஒன்று உருவாக்கப்பட்டது. உலகமெங்கும் காலனிகள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் புதிதாக ஒரு காலனி! மொரீசியஸைத் துண்டாட வேண்டாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. யாரும் கேட்கவில்லை. 1966 டிசம்பர் 30இல் இலண்டனும் வொஷிங்டனும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டு, தீவுகளை 50 வருடங்களுக்கு அமெரிக்காவின் பாதுகாப்புத் தேவைக்கு ஒதுக்கின. அது மேலும் 20 வருடங்களுக்கு நீடிக்கக் கூடியதாக இருந்தது.

இதற்கு வாடகை இல்லை. அதற்குப் பதிலாக, அமெரிக்கா பிரித்தானியாவுக்கு விற்ற பொலாரிஸ் ஏவுகணைகளுக்கான ஆய்வுக் கட்டணத்தில் 1 கோடி 40 இலட்சம் டொலர் இரகசியமாகக் கழிக்கப்பட்டது. காசாகக் கொடுத்திருந்தால் அமெரிக்கக் காங்கிரசின் ஒப்புதல் வேண்டும், பிரித்தானிய நாடாளுமன்றமும் கேள்வி கேட்டிருக்கும். பில்லில் கழித்துவிட்டால் கேள்வி இல்லை. இரண்டும் ஜனநாயக நாடுகள்தான். ஆனால் இரு நாட்டு மக்களின் பிரதிநிதிகளுக்கும் தெரியாமலே பேரம் முடிந்தது. வெளிநாட்டில் படைத்தளம் என்று வரும்போது ஜனநாயகம் எந்த வாசலால் வெளியே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

'நிரந்தரக் குடிகள் இல்லை'

அடுத்த சிக்கல் மக்கள். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 73ஆவது உறுப்புரையின்படி, சுயாட்சி பெறாத ஆள்புலத்தை நிர்வகிக்கும் நாடு அங்குள்ள மக்களின் நலனை முதன்மையாகக் கருத வேண்டும். ஐ.நா.வுக்கு அறிக்கையும் கொடுக்க வேண்டும். ஆனால் நிரந்தரக் குடிகளே இல்லாத இடத்துக்கு இந்தக் கடமை இல்லை அல்லவா? ஆகவே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் வெறும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், இடைக்கால வாசிகள் என்று காகிதத்தில் எழுதப்பட்டார்கள். 1966இல் பிரித்தானிய வெளிவிவகார அலுவலகத்தின் மூத்த அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் இன்று எல்லோரும் வாசிக்கக் கூடியனவாக உள்ளன. கடற்பறவைகளைத் தவிர வேறு குடிகள் அங்கே இருக்கக் கூடாது என்று ஒருவர் எழுதினார். பறவைகளோடு சில டார்சான்களும் இருக்கிறார்களே என்ற தொனியில் இன்னொருவர் அடியில் எழுதி வைத்தார். மனிதரைப் பற்றி அரச காகிதத்தில் எழுதிய பகிடி இது.

வெளியேற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1968 முதல், வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீசியஸ் போனவர்கள் திரும்பி வரக் கப்பல் ஏற முயன்றபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போக முடியாது என்று சொல்லப்பட்டது. கையில் கொண்டுபோன ஒரு பையோடு அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். தீவில் மிஞ்சியவர்களுக்கு உணவுப் பொருளும் மருந்தும் குறைந்துகொண்டே போயின. 1971இல் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவு வந்து இறங்கியது. அனுமதி இல்லாமல் அங்கே இருப்பதே குற்றம் என்று அதே ஆண்டு குடிவரவுச் சட்டம் போடப்பட்டது. எஞ்சிய தீவுவாசிகளை என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதத்தில், அமெரிக்கக் கடற்படைத் தளபதி எல்மோ சம்வால்ட் ஒரே வரியில் பதில் எழுதினார். அவர்கள் கட்டாயம் போயே ஆக வேண்டும் என்பதே அந்தப் பதில்.

பின்னர் நாய்கள். வீட்டு நாய்கள் ஆயிரம் வரையில் இருந்தன. முதலில் சுட்டும் நஞ்சு வைத்தும் பார்த்தார்கள். முடியாமற் போகவே, கொப்பறா உலர்த்தும் கொட்டிலுக்குள் அடைத்து, வாகனப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகள் இன்றும் முதியவர்களாக அதைச் சொல்கிறார்கள். அடுத்தது நாங்கள்தான் என்று அன்று நினைத்ததாகவும் சொல்கிறார்கள். ஆளுக்கு ஒரு பெட்டியும் படுக்கையும் மட்டும் அனுமதிக்கப்பட்டு, நோர்ட்வேர் போன்ற சரக்குக் கப்பல்களில் நெருக்கமாக ஏற்றப்பட்டார்கள். 1971இல் டியாகோ கார்சியா வெறுமையானது. 200 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த பெறோஸ் பஞ்ஞோஸ், சலமோன் தீவுகளும் 1973க்குள் வெறுமையாக்கப்பட்டன.

மொரீசியஸிலும் சீசெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. தேங்காய் உரிக்கத் தெரிந்தவனுக்குத் துறைமுக நகரத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? போர்ட் லூயிசின் சேரிகளில் அவர்கள் ஒதுங்கினார்கள். 'சாக்ரென்' என்று ஒரு சொல் அவர்களின் கிரியோலில் உண்டு. ஊரை இழந்த துக்கம் உடலுக்குள் இறங்கி ஆளைத் தின்பதை அந்தச் சொல் குறிக்கும். இன்னார் எப்படிச் செத்தார் என்று கேட்டால், சாக்ரென் வந்து செத்தார் என்று பதில் சொல்வார்கள். எங்கள் பேரர்களும் பேத்திகளும் மரத்துப் போன முகத்தோடு யன்னலோரம் இருந்ததைக் கண்ட எங்களுக்கு இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை.

தளம் எதற்குப் பயன்பட்டது?

தொடக்கத்தில் அது சிறிய தொடர்பாடல் நிலையம் என்றே சொல்லப்பட்டது. 1971 டிசம்பரில், இலங்கை முன்வைத்த யோசனையின்படி, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்தது. வல்லரசுகளின் தளங்கள் இங்கே வேண்டாம் என்பதே அதன் நோக்கம். அதே ஆண்டில்தான் டியாகோ கார்சியாவில் புல்டோசர்கள் வேலையைத் தொடங்கியிருந்தன. 1979இல் ஈரானில் ஷா ஆட்சி கவிழ்ந்த பின்னர் தளம் வேகமாகப் பெருத்தது. ஓடுபாதை 3,650 மீற்றர் அளவுக்கு நீண்டது. கடல்நீரேரி ஆழமாக்கப்பட்டது. தாங்கிகளும் வெடிபொருட்களும் நிரப்பிய கப்பல்கள் எந்த நேரமும் புறப்பட ஆயத்தமாக அங்கே நங்கூரமிட்டன.

1991 வளைகுடாப் போரில் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து ஈராக்குக்குப் பறந்தன. 2001இல் ஆப்கானிஸ்தான் மீதும் 2003இல் மறுபடியும் ஈராக் மீதும் நடந்த தாக்குதல்களுக்கு அந்தத் தீவே முக்கிய ஏவுதளங்களில் ஒன்றாக இருந்தது. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லித் தொடங்கிய போரில் அந்த ஆயுதங்கள் கண்டுபிடிக்கப்படவே இல்லை. 2025 வசந்த காலத்திலும் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டன.

குண்டுவீச்சு மட்டுமல்ல. சி.ஐ.ஏ. ஆட்களைப் பிடித்து நாடு விட்டு நாடு கடத்திய காலத்தில், அந்த விமானங்கள் டியாகோ கார்சியாவைத் தொட்டதா என்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. இல்லை என்றே அரசு பதில் சொல்லி வந்தது. 2008 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் எழுந்து, 2002இல் தலா ஒரு கைதியோடு இரண்டு விமானங்கள் அங்கே இறங்கியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கா தந்த தவறான தகவலை நம்பியே முன்னைய பதில்கள் சொல்லப்பட்டதாக விளக்கம் கொடுத்தார். சொந்த ஆள்புலத்தில் என்ன நடக்கிறது என்பது அதன் உரிமையாளருக்கே தெரியாத நிலை.

ஏன் இப்படி நடக்க முடிகிறது? குடிமக்கள் இல்லாத இடத்தில் நகரசபை இல்லை, உள்ளூர்ப் பத்திரிகை இல்லை, வேலிக்கு வெளியே நின்று கேள்வி கேட்க ஒரு தாய் இல்லை. இராணுவத்துக்கு அந்தத் தீவு பிடித்துப்போனதற்கு அதன் ஓடுபாதை எவ்வளவு காரணமோ, இந்த வெறுமையும் அவ்வளவு காரணம்.

'பாதுகாப்பு' என்ற வாதம்

மறுபக்க வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். அது பனிப்போர்க் காலம், சோவியத் கடற்படையும் இந்து சமுத்திரத்துக்கு வந்துகொண்டிருந்தது, ஒரு வல்லரசு தன் கப்பற் பாதைகளைக் காக்கத் தளம் தேடுவது இயல்பு என்று சொல்பவர்கள் உண்டு. சில நூறு குடும்பங்களின் இடப்பெயர்வை உலகப் பாதுகாப்போடு வைத்து நிறுக்க முடியுமா என்றும் கேட்பார்கள்.

தளம் தேவையா இல்லையா என்பது ஒரு கேள்வி. மக்களைத் துரத்துவது தேவையா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி விடுவதில்தான் தந்திரம் இருக்கிறது. தளம் ஒரு தீவில். ஆனால் 200 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த தீவுகளும் வெறுமையாக்கப்பட்டன. பின்னர் சுமார் 4,000 படையினரும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் டியாகோ கார்சியாவில் இருந்தார்கள். சமையலுக்கும் துப்புரவுக்கும் கட்டட வேலைக்கும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மொரீசியஸிலிருந்தும் ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். ஆகவே அங்கே மனிதர் இருப்பது ஆபத்தாக இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பக் கூடிய மனிதர் இருக்கலாம். இது என் மண் என்று சொல்லக் கூடிய மனிதர் இருக்கக் கூடாது. 'பாதுகாப்பு வலயம்' என்ற சொல்லின் உள்ளர்த்தம் எங்களில் பலருக்குப் பழக்கமானதுதான்.

இது ஒரு தீவில் மட்டும் நடந்த தவறும் அல்ல. 1946இல் அணுகுண்டுப் பரிசோதனைக்காகப் பசிபிக்கின் பிகினி தீவிலிருந்து 167 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1953இல் கிறீன்லாந்தின் தூலே பகுதியில் அமெரிக்க விமானத்தளத்தை விரிவாக்க, டென்மார்க் அரசு இன்னூயிற் குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் வடக்கே துரத்தியது. எங்கும் ஒரே முறைதான். நிலம் அமெரிக்கத் தேவைக்கு. அகற்றும் வேலை பெரும்பாலும் இன்னொரு அரசின் கையால். பழி வந்தால் இருவரும் மற்றவரைக் காட்டலாம்.

பெண்கள் தொடங்கிய போராட்டம்

வெளியேற்றத்தை அமெரிக்க மக்களுக்குத் தெரியப்படுத்தியது 1975இல் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை. காங்கிரசின் உபகுழு ஒன்று அதைப் பற்றி விசாரித்தது. விசாரணையோடு விஷயம் நின்றுவிட்டது. அதே ஆண்டு மிஷேல் வெங்கட்டசேன் என்ற தீவுவாசி இலண்டனில் வழக்குத் தொடர்ந்தார். பெயரைக் கவனியுங்கள். ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்த யாரோ ஒரு வெங்கடேசனின் ஒலி அதில் கேட்கிறது.

மொரீசியஸில் தெருவுக்கு இறங்கியவர்கள் பெண்கள். ஷார்லேசியா அலெக்சிஸ், லிசெற் தலாற்றே போன்றோர் உண்ணாவிரதம் இருந்தார்கள், பொலிஸ் அடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். பிரித்தானியா 1972இலேயே மொரீசியஸ் அரசிடம் 650,000 பவுண் கொடுத்திருந்தது. அது மக்களின் கைக்கு வந்தது 1978 அளவில்தான். 1982இல் மேலும் 40 இலட்சம் பவுண் கொடுக்கப்பட்டது. அதைப் பெற வந்தவர்களில் எழுத வாசிக்கத் தெரியாத பலர், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட காகிதத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். திரும்பிப் போகும் உரிமையைக் கைவிடுகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. அமெரிக்கா அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை.

2000 நவம்பரில், ஒலிவியே பாங்கூல்ற் தொடர்ந்த வழக்கில் இலண்டன் மேல்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. வெளி அமைச்சராக இருந்த ரொபின் குக் தீர்ப்பை ஏற்றார். டியாகோ கார்சியாவைத் தவிர்ந்த தீவுகளுக்குத் திரும்பலாம் என்று வழி திறந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பர் 11 வந்தது, ஆப்கான் போர் வந்தது, ஈராக் போர் வந்தது. 2004 ஜூனில் பிரித்தானிய அரசு நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரச கட்டளைகளினால் திறந்த வழியை மீண்டும் பூட்டியது. 2008இல் பிரபுக்கள் சபை 3க்கு 2 என்ற கணக்கில் அந்தப் பூட்டைச் சரியென்றது.

வொஷிங்டனிலும் 2001இல் வழக்குப் போட்டார்கள். முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ரொபேட் மக்னமாரா பிரதிவாதிகளில் ஒருவர். 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வெளிநாட்டுக் கொள்கையும் பாதுகாப்பும் அரசியல் கேள்விகள், அவற்றில் நீதிமன்றம் தலையிடாது என்று கைவிரித்தது. அந்தத் தீவுவாசிகளுக்கு அமெரிக்காவில் வாக்கு இல்லை. அரசியல் கேள்வி என்று சொல்லி நீதிமன்றமும் கதவைச் சாத்தினால் அவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

2010இல் சாகோஸ் கடல் முழுவதும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்று அறிவிக்கப்பட்டது. சூழலியலாளர் பலர் மகிழ்ந்தார்கள். பின்னர் வெளியான அமெரிக்கத் தூதரகத் தந்தி ஒன்று, இந்த அறிவிப்பு தீவுவாசிகளின் மீள்குடியேற்றக் கோரிக்கையை அனேகமாக முடித்துவிடும் என்று ஒரு பிரித்தானிய அதிகாரி அமெரிக்கர்களிடம் சொன்னதைக் காட்டியது. மீனுக்கு அடைக்கலம் கிடைத்தது. மனிதருக்கு இல்லை.

எங்கள் சனங்கள் அங்கே வந்தது

2021 ஒக்டோபரில், கனடா போகப் புறப்பட்ட ஒரு படகு நடுக்கடலில் பழுதாகித் தத்தளித்தது. அதில் குழந்தைகள் உட்பட 89 இலங்கைத் தமிழர் இருந்தார்கள். பிரித்தானியக் கடற்படை அவர்களை டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுசென்றது. அந்த ஆள்புலத்தில் தஞ்சம் கோரிய முதல் மனிதர்கள் அவர்கள்தான். பின்னர் வேறு சில படகுகளும் வந்தன. வேலி போட்ட சிறிய நிலத்துண்டு ஒன்றில், எலிகள் ஓடும் கூடாரங்களில், காவலாளிகளின் பார்வையில் அவர்கள் வைக்கப்பட்டார்கள். ஒரு மாதமா இரண்டு மாதமா என்று தொடங்கியது மூன்று வருடம் தாண்டியது. உண்ணாவிரதங்கள் நடந்தன. உயிரை மாய்க்க முயன்றவர்களும் இருந்தார்கள்.

2024 ஜூலையில் அவர்களின் வழக்கை அந்தத் தீவிலேயே விசாரிக்க நீதிபதியும் சட்டத்தரணிகளும் புறப்பட ஆயத்தமானார்கள். அமெரிக்கா பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதி மறுத்தது. பிரித்தானிய ஆள்புலத்தில், பிரித்தானிய நீதிபதி, பிரித்தானிய அரசின் மீதான வழக்கைக் கேட்பதற்கு அமெரிக்க இராணுவத்தின் சம்மதம் வேண்டியிருந்தது! தீவின் உண்மையான அதிகாரம் யாரிடம் என்ற கேள்விக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விசாரணை கடைசியில் செப்டெம்பரில் நடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். டிசம்பர் 16இல் நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்று தீர்ப்பளித்தார். பெயரைத் தவிர எல்லா வகையிலும் அது சிறைதான் என்றும் சொன்னார்.

நேயர்களே, ஒரு நிமிடம் இதை நினைத்துப் பாருங்கள். அந்தத் தீவின் சொந்தக்காரருக்கு உள்ளே வர அனுமதியில்லை. அடைக்கலம் தேடி வந்தவருக்கு வெளியே போக அனுமதியில்லை. ஊரை இழந்த இரண்டு மக்கள் கூட்டங்களும் ஒரே வேலியின் இரு பக்கத்திலும் நின்றார்கள்.

இன்றைய நிலை

2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தெடுத்தது சட்டப்படியானதல்ல, பிரித்தானியா தன் நிர்வாகத்தை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று 13க்கு 1 என்ற கணக்கில் ஆலோசனைக் கருத்து வழங்கியது. மாறாக நின்ற ஒரே நீதிபதி அமெரிக்கர். அந்த மே மாதத்தில் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரவாகவும் 6 நாடுகள் மட்டும் எதிராகவும் வாக்களித்தன. 2023இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம், அந்த வெளியேற்றம் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றும் பிரித்தானியா, அமெரிக்கா இரண்டுக்கும் அதில் பொறுப்புண்டு என்றும் அறிக்கை வெளியிட்டது.

2025 மே 22இல் பிரித்தானியாவும் மொரீசியஸும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதன்படி தீவுகளின் இறைமை மொரீசியஸுக்குப் போகும். டியாகோ கார்சியா 99 வருடக் குத்தகையில் தளமாகவே தொடரும். பிரித்தானியா வருடத்துக்குச் சராசரியாக 10 கோடி 10 இலட்சம் பவுண் கொடுக்கும். தீவுவாசிகளுக்கென 4 கோடி பவுண் நிதியம் ஒன்றும் உண்டு. மற்றத் தீவுகளில் மீள்குடியேற்றத்துக்கு மொரீசியஸ் ஏற்பாடு செய்யலாம். டியாகோ கார்சியாவுக்குத் திரும்பிப் போய் வாழும் உரிமை மட்டும் அதில் இல்லை. கையெழுத்திட்ட நாளில் அமெரிக்க அரசு அதை வரவேற்றது. 2026 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் அதே ஒப்பந்தத்தைப் பெரும் மடத்தனம் என்று கண்டித்தார். வரவேற்பிலும் கண்டனத்திலும் பேசப்பட்டது தளம்தான். இலண்டனுக்குத் தெற்கே குறோளி நகரத்திலும் மொரீசியஸிலும் சீசெல்ஸிலும் சிதறி வாழும் தீவுவாசிகள் பேச்சுவார்த்தை மேசையில் இருத்தப்படவில்லை. ஒப்பந்தத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். எங்களைக் கேட்கவில்லை என்பதில் மட்டும் பலருக்கும் ஒரே குரல்.

நாங்கள் செய்யக் கூடியது

அமெரிக்காவைத் திட்டுவது இலகு. பயன் குறைவு. அமெரிக்க மக்கள் வேறு, அவர்களின் தளக் கொள்கை வேறு. இந்த வெளியேற்றத்தை அம்பலப்படுத்தியவர்களிலும் ஆவணங்களைத் தோண்டி எடுத்தவர்களிலும் அமெரிக்கரும் பிரித்தானியரும் உண்டு. ஒரு தலையீட்டைப் பற்றிச் செய்தி வரும்போது நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. எந்த நாடாளுமன்றம் இதற்கு வாக்களித்தது? தளம் இருக்கும் நிலம் யாருடையது? அங்கே வேலை செய்பவனுக்கு என்ன உரிமை? அங்கே தடுத்து வைக்கப்பட்டவர் எந்த நீதிமன்றத்துக்குப் போகலாம்? பதில் இல்லாத இடங்களில்தான் அநியாயம் ஒளிந்திருக்கும்.

நாங்கள் அகதிகளாக வந்த இந்த நாடுகளில் இன்று எங்கள் பிள்ளைகளுக்கு வாக்கு இருக்கிறது. தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் மொழியும் இருக்கிறது. எங்கள் துயரத்தை உலகம் கேட்கவில்லை என்று நாங்கள் பல காலமாகச் சொல்லி வருகிறோம். அது உண்மை. அப்படிச் சொல்பவர்களுக்கு மற்றவரின் துயரத்தைக் கேட்கும் கடமையும் உண்டு. எங்கள் கடலிலேயே, எங்களைப் போலவே சுடலையையும் வளவையும் விட்டுவிட்டு வந்த ஒரு சிறு சமூகம் ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஊர் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களின் பெயரை எங்கள் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். சாகோசியர். ஆளில்லாத் தீவு என்று எழுதப்பட்ட ஊரின் ஆட்கள்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.